ஆற்றில் விழும் சாக்கடையை யார் நிறுத்த வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடையாற்றுக்கு அருகில் குடியிருக்கிறீர்கள். நல்ல வெயில் காலத்திலும் உங்கள் தெருக்கோடி மழைநீர் வடிகாலிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஆற்றில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். உண்மையில் இதற்கு யார் பொறுப்பு, உள்ளாட்சி அமைப்பால் ஏதாவது செய்ய முடியுமா, பெசன்ட் நகர் கடலில் பிள்ளைகளை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியிலேயே முக்கியமான ஆதாரத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். லண்டன் போன்ற பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் போகும். சென்னையில் அப்படியில்லை. இங்கே இரண்டும் தனித்தனி. பாதாள சாக்கடை பம்பிங் ஸ்டேஷன் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். மழைநீர் வடிகால் நேராக ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போகும், நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் மழைநீர் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். அதில் தண்ணீர் ஓடுகிறதென்றால் யாரோ வீட்டுக் கழிவுநீரை அதற்குள் விட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் ஒரு சாக்கடைக் குழாய் உடைந்தோ அடைத்தோ வடிகாலுக்குள் வழிகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. வெயில் நாளில் ஒருவர் வடிகால் ஓரமாக மேலே நடந்துபோய், ஒவ்வொரு மூடியாகத் திறந்து, எந்தத் தெருவில் ஓட்டம் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படி நடந்துபோய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல். வடிகால் மாநகராட்சியுடையது. பாதாள சாக்கடையும் வீட்டு இணைப்பும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை, அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. ஆற்றின் படுகையும் கரையும் நீர்வளத் துறையின் கையில். தண்ணீரின் தரத்தைச் சோதித்து நடவடிக்கை எடுக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆக ஒரு குழாயிலிருந்து ஆற்றில் விழும் ஒரே தண்ணீர், நூறு மீட்டருக்குள் நான்கு அலுவலகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது. உங்களைக் கைகாட்டி அனுப்பியவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைத் தவிர மற்றதைச் சொல்லியிருக்கிறார்கள்.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது, இந்தியாவிலேயே பழையது. நகரின் பாதாள சாக்கடை மாநகராட்சியின் வேலையாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டபோது, 1961இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் குழாய் பதித்தார்கள். அந்த 1961 வந்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் அன்றே தோற்றுவிட்டது, அதன்பிறகு நடந்ததெல்லாம் துரத்திப் பிடிக்கும் வேலைதான். 1978இல் குடிநீரையும் கழிவுநீரையும் மாநகராட்சியிடமிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். பெரிய திட்டங்களை நடத்த நிபுணர்கள் வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் வடிகால் ஒருவரிடமும் சாக்கடை இன்னொருவரிடமும் போனது அன்றுதான்.

2011இல் இன்னொரு பெரிய மாற்றம். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் பாதாள சாக்கடையே கிடையாது, செப்டிக் டேங்க்தான். வாக்காளர் பட்டியலும் சொத்து வரியும் ஒரே நாளில் மாறிவிடும். குழாய் பதிக்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்கிடையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னைக்கு மாமன்றமே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு வார்டில்கூடக் கவுன்சிலர் கிடையாது. தெருச் சாக்கடையைப் பற்றி முறையிட மக்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் ஆள் அவர்தான். அந்த இழப்பை நாம் சரியாகப் பேசவே இல்லை என்பது என் வருத்தம்.

சரி, ஆற்றுக்கு வருவோம். கூவமும் அடையாறும் வற்றாத ஆறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழையின்போது சில வாரங்கள் வெள்ளம், மற்ற மாதங்களில் மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர் மிகக் குறைவு. அதனால் கழிவுநீரைக் கலந்து நீர்க்கச் செய்ய எதுவுமில்லை, கழிவுநீரே ஆறாகிவிடுகிறது. கடலோரத்திலும் ஒரு தொல்லை. நம் கடற்கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தின் கல்சுவர் அதைத் தடுத்ததால் தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. அடையாற்றின் முகத்துவாரமும் அடிக்கடி மேடிட்டுவிடும். கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வந்து கழுவிவிட்டுப் போக முடியாமல் தண்ணீர் தேங்கும், அழுகும், அந்த நாற்றம் வரும். எந்திரம் கொண்டு மணலை வெட்டினால் சில வாரம் தேவலை. ஆனால் முகத்துவாரத்தைத் திறந்துவிடுவது ஆற்றைச் சுத்தமாக்குவதில்லை, அழுக்கைக் கடலுக்குக் கைமாற்றுகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, ஆற்றைத் தூர்வாரும் படங்களைப் பார்க்காதீர்கள், எத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு சின்னக் கணக்கு. திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைப்பார்கள், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும். நால்வர் குடும்பத்துக்கு 430 லிட்டர். உங்கள் தெருவில் நூறு வீடுகள் வடிகாலில் விட்டால் நாளொன்றுக்கு 43,000 லிட்டர். கிட்டத்தட்ட ஐந்து லாரித் தண்ணீர், ஒரே தெருவிலிருந்து, தினமும்.

சாக்கடைக் குழாய் தெருவில் இருந்தும் வீட்டுக்காரர் ஏன் இணைப்பு வாங்குவதில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. உள்ளே போய்ப் பார்த்தால் காரணங்கள் நிஜமானவை. கழிவறை வீட்டின் பின்பக்கம் இருக்கும், தெருக் குழாய் முன்பக்கம், நடுவே கூடத்தையும் டைல்ஸையும் உடைக்க வேண்டும். சில வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டன, சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டதன் விளைவு அது. அங்கே தண்ணீர் தானாக ஓடாது. இணைப்புக் கட்டணமும் பிளம்பர் கூலியும் சேர்த்து ஒரே நேரத்தில் புரட்ட முடியாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கு அக்கறை இருக்காது. பக்கத்திலேயே மழைநீர் வடிகால் இருக்கும், ராத்திரியில் இரண்டு ஆள் வைத்து ஒரு பிவிசி குழாயைச் சொருகிவிட்டால் செலவு முடிந்தது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்ற ‘இல்லந்தோறும் இணைப்பு’, அலுவலகத்துக்கு அலையாமல் தொலைபேசியில் கேட்கலாம் என்ற ‘அழைத்தால் இணைப்பு’ ஆகிய திட்டங்களை மெட்ரோ வாட்டர் கொண்டுவந்தது இந்தத் தடைகளைப் புரிந்துகொண்டுதான். கூவத்துக்காகச் செய்ததில் வெளியே தெரியாத, ஆனால் சரியான வேலை அது என்பேன்.

இன்னொரு வழி, ஆற்றில் விழும் சாக்கடை வாய்களைக் கண்டுபிடித்து அடைப்பது. செய்தித்தாளில் அடிக்கடி வரும். இதை மட்டும் தனியாகச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? வடிகாலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிடாது. பின்னால் தேங்கித் தெருவில் வழியும், தாழ்ந்த வீடுகளுக்குள் புகும். பத்தாவது நாள் மக்களே கடப்பாரையால் உடைத்துவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் கரையோரமாக இடைமறிக்கும் குழாய், அதைத் தாங்கும் பம்பிங் ஸ்டேஷன், வீடுகளுக்கு இணைப்பு. கடைசியில்தான் வாயை அடைக்க வேண்டும். வரிசை மாறினால் பணமும் போய், மக்களின் நம்பிக்கையும் போய்விடும்.

உள்ளாட்சி அமைப்பால் முடியுமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் காட்டும் ஊர் ஆலந்தூர். இன்று அது சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம், 2011க்கு முன்பு தனி நகராட்சி. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் எல்லாம் அதில் அடக்கம். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவரானபோது அங்கே பாதாள சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க், கொசு, திறந்த கால்வாய். மாநில அரசு எப்போது தரும் என்று காத்திருக்காமல் நகராட்சியே திட்டம் போட்டது. செலவு சுமார் 34 கோடி ரூபாய். ஒரு சின்ன நகராட்சிக்கு அது மலை போன்ற தொகை. கடன் தருகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. அதனால் மக்களிடமே போனார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் 10,000 ரூபாய் முன்பணம், அப்புறம் மாதக் கட்டணம். குழாய் ஒரு மீட்டர்கூடப் பதிக்காத நிலையில், இனி வரப்போகும் ஒன்றுக்காக 5,000 ரூபாய் கொடு என்று 1990களின் கடைசியில் ஒரு நகராட்சி கேட்டது. மக்கள் கொடுத்தார்கள்!

கொடுத்ததற்குக் காரணம் மந்திரமில்லை. முதலில் வீடு வீடாகப் போய் உங்களுக்கு இது வேண்டுமா, எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கெடுத்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களை உள்ளே இழுத்தார்கள். கட்ட முடியாதவர்களுக்குத் தவணைக்கும் கடனுக்கும் வழி செய்தார்கள். வாங்கிய பணம் எங்கே இருக்கிறது, வேலை எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனம் தன் செலவில் கட்டி, சுத்திகரித்துத் தரும் அளவுக்கு நகராட்சியிடம் கட்டணம் பெறும் ஏற்பாடு, நாளொன்றுக்கு 120 லட்சம் லிட்டர். நகராட்சிக் கழிவுநீரில் இந்தியாவில் அப்படிப்பட்ட ஏற்பாடு அதுதான் முதல். அந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் வெளியில் அதிகம் எழுதினார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். முன்பணம் கொடுத்தவர் இணைப்பு வாங்காமல் இருக்க மாட்டார், அதுதான் ஆலந்தூரின் சூட்சுமம். பல ஊர்களில் குழாய் பதித்து, நிலையம் கட்டி, அதற்குப் போதுமான கழிவுநீர் வராமல் எந்திரம் சும்மா நிற்கிறது. ஆலந்தூரில் இணைப்பு முதலில் மனத்தில் உறுதியானது, குழாய் பின்னால் வந்தது.

சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றிச் சுருக்கமாக. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் மொத்தமாக நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் திறன் நகருக்கு இருக்கிறது. அதிலிருந்து வெளிவருவதும் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போகிறது, ஆகவே நிலையம் ஒழுங்காக ஓடுவது ஆற்றின் உயிர். மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு. 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். ஏரிகள் நான்கும் வறண்ட ஆண்டு அது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது, கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர்ப் பக்கம். கழிவுநீரை வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை ஆற்றில் விட யாருக்கும் மனம் வராது.

இனி எனக்குக் கசப்பான ஒன்று. கூவம் என்றாலே கரையோரக் குடிசைகளைக் காட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. 2015இல் தொடங்கிய சுமார் 604 கோடி ரூபாய்க் கூவம் சீரமைப்புத் திட்டத்திலும் கரையோரக் குடும்பங்களை எடுத்துப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்புவது பெரிய பகுதி. வெள்ளத்தில் சிக்கும் இடத்தில் யாரும் வாழக்கூடாது என்பது சரிதான், 2015 டிசம்பரை மறக்க முடியுமா. ஆனால் ஆற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள் என்பது சரியில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்து வாழும் குடும்பத்தின் கழிவுநீரும், மூன்று குளியலறை உள்ள அடுக்குமாடி வீட்டின் கழிவுநீரும் ஒன்றல்ல. குடிசைகள் போன இடத்திலும் வடிகால் வாய்கள் கறுப்பாகத்தான் ஓடுகின்றன. வேலை, பள்ளி, உறவு எல்லாவற்றையும் விட்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனவர்களுக்கு நாம் சொல்லும் பதில் என்ன?

அதேபோல, சாக்கடை அடைத்தால் உடனே ஆளை இறக்கு என்று குரல் கொடுக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பிறகும் மேன்ஹோலுக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் விஷவாயு தாக்கி ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருப்பது நமக்கு வெட்கம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் எந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கினாலும் அதே குற்றம்தான்.

பாதாள சாக்கடை இல்லாத பகுதிகளில் கழிவுநீர் லாரிதான் எல்லாம். தொட்டியில் உறிஞ்சியதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தூரம், டீசல், வரிசையில் காத்திருப்பு என்று கணக்குப் பார்த்து இருட்டில் ஏரியிலோ கால்வாயிலோ திறந்துவிடுகிறவர்களும் உண்டு. 2022இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி இந்த லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம் என்றாக்கியது, வண்டி எங்கே போகிறது என்று ஜிபிஎஸ் வழியாகப் பார்க்கவும் வழி வைத்தது. கையில் அதிகாரம் இல்லை என்று இந்த விஷயத்தில் எந்த நகராட்சியும் சொல்ல முடியாது. இங்கே இன்னொன்றும் கவனியுங்கள். அடையாறு சென்னைக்குள் நுழையும் முன்பே முடிச்சூர், அனகாபுத்தூர் என்று வீடுகள் நெருங்கிய பகுதிகளைக் கடந்துதான் வருகிறது. அனகாபுத்தூரும் பம்மலும் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. கூவம் திருவேற்காட்டைத் தாண்டி வருகிறது. மேலே இருப்பவர்கள் செய்யாததைக் கீழே இருப்பவர்கள் சரிசெய்ய முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? 2022 விதிகளின்படி வார்டுக் குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. பகுதி சபைக் கூட்டத்தில் ‘ஆறு நாறுகிறது’ என்று பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளுக்குச் சொத்து வரி போட்டிருக்கிறீர்கள், அதில் எத்தனை வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு இருக்கிறது? முதல் எண் மாநகராட்சியிடம், இரண்டாவது மெட்ரோ வாட்டரிடம். இரண்டையும் தெருவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே உங்கள் வடிகாலில் ஓடுவது யார் வீட்டுத் தண்ணீர் என்று பாதி தெரிந்துவிடும். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கூடவே, இரண்டு அலுவலகப் பொறியாளர்களும் ஒரே நாளில் ஒன்றாக வந்து வடிகாலோரம் நடக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தனித்தனியாக வந்தால் மறுபடியும் கைகாட்டல்தான். கோடையில் வரச் சொல்லுங்கள், மழை தொடங்கிவிட்டால் எது எந்தத் தண்ணீர் என்று தெரியாது. மழைக்காலத்தில் நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். தெருவில் தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறோமே, அந்த மழைநீர் முழுக்க பம்பிங் ஸ்டேஷனுக்குப் போய், அது தாங்காமல் கழிவுநீரோடு சேர்ந்து வெளியே வழிகிறது. அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கடல். குளிக்கும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு, மலக் கோலிஃபார்ம் எனும் நுண்ணுயிர் 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது என்பது. கடலுக்கு இன்னும் கடுமை, 100தான். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் இருக்கலாம். கோவளம் 2021இல், சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக் கொடிச் சான்றை வாங்கியது, அந்தச் சான்றுக்குக் கடல்நீரை முறையாகச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெசன்ட் நகரில் பிள்ளைகளை இறக்குவதாக இருந்தால் அடையாற்று முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தெற்கே தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு நல்லது. முகத்துவாரத்தை ஒட்டி நிற்கும் உடைந்த பாலத்துப் பக்கம் வேண்டாம். பெருமழைக்குப் பிறகும், முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்ட நாட்களிலும் காலைக்கூட நனைக்க விடாதீர்கள். காலில் சிராய்ப்பு, புண் இருக்கும் பிள்ளை எந்த நாளிலும் கரையிலேயே விளையாடட்டும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கை கால் கழுவிய பிறகுதான் சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுங்கள்.